எட்டு பீஸ்

ஜன்னல் ஓரத்தில் நீங்களே உட்காருங்கள் சார். எனக்குக் காற்று வேண்டாம். பக்கத்தில் கேட்கிற மாதிரி ஓர் ஆள் இருந்தால் போதும். டவுனுக்கு ஒன்றரை மணி நேரம். எங்கள் ஊர் ரோடு முடிகிற வரைக்கும் முன் கம்பியைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

பூவலங்குறிச்சி கேள்விப்பட்டிருக்கிறீர்களா? இல்லையா, பரவாயில்லை. ‘எட்டு பீஸ்’ பாட்டு கேட்டிருப்பீர்கள். பஞ்சாயத்துத் தேர்தல் சமயத்தில் வாட்ஸப்பில் சுற்றியதே. அதுவும் இல்லையா? நீங்கள் எந்த ஜில்லா சார்? அதை எழுதியவன் நான்தான். திரவியம் என்று பெயர். பஞ்சாயத்து ஆபீசுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை. கடை வாசலில் ஒரு கரும்பலகை. முன்பெல்லாம் தினம் ஒரு நல்வாக்கு எழுதிப் போடுவேன். உழைப்பு, ஒழுக்கம், உண்மை, அந்த மாதிரி. ஒருத்தன் நின்று படித்ததில்லை. ஆடு வந்து உரசிவிட்டுப் போகும். அப்புறம் நாலு வரி நக்கலாக எழுத ஆரம்பித்தேன். சைக்கிளை நிறுத்திப் படித்தான், போன் வைத்திருப்பவன் படம் எடுத்தான். ஜனங்களுக்கு என்ன வேண்டும் என்று அன்றைக்குத் தெரிந்தது.

சொல்ல வந்தது அது இல்லை. ஒரு பெண்பிள்ளைக்காக ஒன்றரை வருஷம் சாக்பீஸைத் தேய்த்தேன் சார். ஊரே வாயை மூடிக்கொண்டிருந்தபோது நான் ஒருத்தன்தான் எழுதினேன். இன்றைக்கு அவள் என் கடையில் ஒரு தாள் ஜெராக்ஸ் எடுப்பதில்லை. பஸ் ஏறி மேலக்கரைக்குப் போய் எடுக்கிறாள். என் கடையைத் தாண்டித்தான் பஸ் ஸ்டாப்புக்குப் போக வேண்டும். தாண்டித்தான் போகிறாள். பலகைப் பக்கம் முகத்தைத் திருப்புவதில்லை. இந்த ஊருக்காக எழுதினேன் பாருங்கள், என்னைச் சொல்ல வேண்டும்.

ஆவுடைச்செல்வி என்று பெயர். கிழக்குத் தெரு. பீடி சுற்றுகிறவள், மகளிர் குழுவுக்குத் தலைவி. அந்தத் தெருவில் குடிதண்ணீர்க் குழாய் கிடையாது. பெண்கள் எல்லாம் குடத்தைத் தூக்கிக்கொண்டு வயக்காட்டு பம்ப்செட்டுக்குப் போவார்கள். மோட்டார்க்காரன் மனசு வைத்தால் தண்ணீர், இல்லாவிட்டால் வெறுங்குடம். ‘நான் தலைவரானா முதல் வேலை குழாய்தான்’ என்று சொல்லிக்கொண்டு பஞ்சாயத்துத் தலைவருக்கு நின்றாள். பூட்டு சாவி சின்னம். எதிர்த்து நின்றவர் பரமகுரு. காண்டிராக்டர், ஏற்கெனவே தலைவராக இருந்தவர். அவருக்கு ஆட்டோ சின்னம். எங்கள் தேர்தலில் மிஷின் கிடையாது சார். சீட்டில் முத்திரை குத்தி, மடித்து, பெட்டியில் போடுவது. அதைக் கட்டுக் கட்டாகப் பிரித்து, சின்னத்துக்கு ஒரு தட்டு வைத்து எண்ணுவார்கள்.

எண்ணிக்கை யூனியன் பள்ளிக்கூடத்தில் நடந்தது. மதியம் மைக்கில் பூட்டு சாவி ஜெயித்ததாகச் சொல்லிவிட்டார்கள். வெடி வெடித்தது. கிழக்குத் தெருப் பெண்கள் குலவை போட்டார்கள். பரமகுரு அசையவில்லை. மறுபடி எண்ணச் சொல்லி எழுதிக் கொடுத்தார். மைக்கில் சொன்னது முன்னிலைதான், முடிவு இல்லை என்று ஆபீசர்கள் சொன்னார்கள். மறுபடி எண்ணினார்கள். மூன்று மணிக்குப் பரமகுரு சான்றிதழோடு வெளியே வந்தார். மறுநாள் காலையில் என் பலகையில் எழுதினேன்:

பூட்டு சாவி வென்றதாய்க் கூறிப்
போட்ட சத்தம் காதில் ஆறி
முடிக்கும் முன்னே, மூன்று மணிக்குச்
சான்றிதழ் போச்சு ஆட்டோவில் ஏறி.

எப்படி சார்? நீங்கள் சிரிக்கலாம். நான் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

அன்றைக்கே ஆவுடை கடைக்கு வந்தாள். கூட அவள் தம்பி மாசானமுத்து. மினி லாரி ஓட்டுகிறவன், அக்காவுக்காக எண்ணுகிற இடத்தில் ஏஜெண்டாக உட்கார்ந்தவன்.

“அண்ணாச்சி, பலகையில எழுதணும்” என்றாள்.

“எழுதியாச்சே. படிக்கலையா?”

“படிச்சேன். பாட்டு வேண்டாம். நடந்ததை எழுதுங்க. மறுபடி எண்ணும்போது எங்க தட்டுல இருந்த ஒரு கட்டு ஆட்டோ தட்டுக்குப் போயிட்டு. இவன் கண்ணால பாத்தான். எந்திரிச்சு சத்தம் போட்டான். போலீஸ்காரங்க வெளிய தள்ளிட்டாங்க. அவ்வளவுதான் அண்ணாச்சி. இதை அப்படியே எழுதுங்க. நாளைக்குக் கோர்ட்டுக்குப் போறப்ப ஊருக்கு விஷயம் தெரிஞ்சிருக்கணும்.”

நான் மாசானத்தைப் பார்த்தேன். “கட்டை மாத்துனது யாருலே?”

“டீச்சரம்மா ஒருத்தர் எடுத்து வச்சாவ. தெரிஞ்சு வச்சாவளா, அசதியில வச்சாவளான்னு நான் சொல்லமாட்டேன் அண்ணாச்சி. வச்சதைப் பாத்தேன்.”

நீங்களே சொல்லுங்கள் சார். இதில் என்ன சுவை இருக்கிறது? கட்டு இங்கே இருந்தது, அங்கே போனது. இது புகார் மனு. மனுவை எழுத வேண்டிய இடம் கலெக்டர் ஆபீஸ். என் பலகைக்கு என்று ஒரு தரம் இருக்கிறதல்லவா? பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டேன்.

அதற்குள் அந்தப் படம் வந்துவிட்டது. என்ன படம் என்றால், மாசானத்தைப் போலீஸ்காரர்கள் வெளியே தள்ளுகிறார்கள், அவன் கையில் பிரியாணிப் பொட்டலம். விஷயம் இதுதான். மறுபடி எண்ணும்போது பரமகுரு தன் ஆட்களுக்கு பிரியாணி வரவழைத்தார். அவர் தாராளமான மனுஷர். எல்லா ஏஜெண்டுக்கும் கொடுங்கப்பா என்றிருக்கிறார். விடியற்காலையில் போய் உட்கார்ந்தவர்கள், பசி. எல்லோரும் வாங்கினார்கள். இவனும் வாங்கினான். நம் ஊரில் பந்தியில் உட்கார்ந்தவனுக்கு இலை வந்தால் வேண்டாம் என்று சொல்கிற வழக்கம் இல்லையே. எதிராளி வீட்டுச் சோறு என்று அந்த நேரத்தில் எவனுக்குத் தோன்றும்? பிரித்து ஒரு வாய் வைத்தானாம், நிமிர்ந்தானாம், கட்டு தட்டு மாறியதாம். கத்திக்கொண்டே எழுந்திருக்கிறான். பொட்டலத்தைக் கீழே வைக்கத் தோன்றவில்லை. எவனோ போனில் எடுத்துவிட்டான்.

அந்தப் படத்தைப் பார்த்ததும் எனக்குக் கை சும்மா இருக்கவில்லை. இன்னொன்றும் உண்டு சார். முதல் பாட்டு பரமகுருவை அடித்தது. இரண்டாவதும் அவரையே அடித்தால் என்னை ஆவுடையின் ஆள் என்பார்கள். பத்திரிகைக்காரன் மாதிரி நான். தராசு சமமாக இருக்க வேண்டும். எழுதினேன்:

வாக்கை எண்ண ஏஜெண்டு போனார்,
வந்தது பொட்டலம், மும்முரம் ஆனார்;
எத்தனை என்று கேட்டதும் நிமிர்ந்தார்,
‘எட்டு பீஸ்’ எனச் சொல்லிக் குனிந்தார்.

இப்போது சிரிப்பு வந்திருக்குமே? வரவில்லையா? பஸ் சத்தத்தில் சரியாகக் கேட்டிருக்காது.

அது போன போக்கைச் சொல்கிறேன். காலையில் எழுதினேன். சாயங்காலம் டவுனிலிருந்து என் மச்சினன் எனக்கே அனுப்புகிறான், ‘மாப்ள இதைப் பாத்தீரா’ என்று. யாரோ அதற்கு மெட்டுப் போட்டுவிட்டார்கள். கொட்டு அடித்து, அந்தப் படத்தையும் சேர்த்து வீடியோ ஆக்கிவிட்டார்கள். கோயில் கொடையில் கரகாட்டக்காரர்கள் பாடினார்கள். கல்யாணப் பந்தியில் மாசானம் உட்கார்ந்தால் பரிமாறுகிறவன், “அண்ணனுக்கு எட்டு வை” என்பான். அவன் லாரிக்கு எதிரே பஸ் வந்தால் டிரைவர் எட்டு விரலைக் காட்டிவிட்டுப் போவார். அவனுக்குப் பெண் பார்த்து வைத்திருந்த வீட்டில் என்னவோ யோசிக்கிறோம் என்று சொல்லிவிட்டார்கள். அதற்கு வேறு காரணம் இருக்கும். பாட்டுக்கும் கல்யாணத்துக்கும் என்ன சம்பந்தம்?

ஒரு நாள் கடைக்கு வந்து நின்றான். “அண்ணாச்சி, அழிச்சிருங்க” என்றான்.

“பலகையில என்னைக்கோ அழிச்சாச்சேப்பா. இப்ப இருக்கிறது ரேஷன் பருப்புப் பாட்டு.”

“பலகையில இல்ல.”

“பின்னே?”

தன் போனைக் காட்டினான். அப்புறம் கேட்டான்: “நான் கத்துனதை ஏன் எழுதல?”

“நாலு வரிக்குள்ள எவ்வளவுலே அடைக்க முடியும்?” என்றேன். நியாயம்தானே? லாரியை விற்றுவிட்டுத் திருப்பூருக்குப் போய்விட்டான். பனியன் கம்பெனி. நல்ல சம்பளம் என்று கேள்வி.

ஆவுடை ஜில்லா கோர்ட்டில் வழக்குப் போட்டாள். நான் விடவில்லை சார். வழக்குக்கும் எழுதினேன். ஊர் மறந்துவிடக் கூடாதல்லவா?

போட்ட வழக்குக்குப் பல்லும் முளைத்தது,
பள்ளிக்குப் போனது, படித்தும் களைத்தது;
ஓட்டுப் போடும் வயசும் வந்தது,
தீர்ப்பு மட்டும் வாய்தா கேட்டது.

முதலில் வாய்தாவுக்கு வாய்தா கிழக்குத் தெருப் பெண்கள் ஒரு வேன் நிறையப் போவார்கள். பீடித் தட்டையும் மடியில் வைத்துக்கொண்டு சுற்றிக்கொண்டே போவார்கள். இந்தப் பாட்டு வந்த பிறகு பார்த்தவர்கள் எல்லோரும் ஒரே கேள்வி: “என்ன மதினி, பல்லு விழுந்துட்டா?” வேன் ஆட்டோ ஆனது, ஆட்டோ பஸ் ஆனது. கடைசியில் ஆவுடை மட்டும் போனாள். அப்படித்தான் சார் நம் ஜனங்கள். ஆரம்பச் சூடு நிற்பதில்லை.

சாட்சி சொல்கிற நாள் வந்தது. அவளுக்கு இருந்த ஒரே சாட்சி மாசானம். மற்ற ஏஜெண்டுகள் எல்லாம் சாப்பாட்டில் கவனமாக இருந்தோம், எதையும் பார்க்கவில்லை என்று முன்பே எழுதிக் கொடுத்துவிட்டார்கள். திருப்பூரிலிருந்து அவனை இழுத்துக்கொண்டு வந்தாள். நானும் போயிருந்தேன், வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு. முதல் வரிசை பெஞ்சு. அவன் கூண்டில் ஏறினான். கட்டு மாறியதைச் சொன்னான். நன்றாகத்தான் சொன்னான். அப்புறம் பரமகுருவின் வக்கீல் எழுந்தார். கோட்டைச் சரிசெய்தார். “மிஸ்டர் மாசானமுத்து, அன்னைக்கு எத்தனை பீஸ்?” என்று கேட்டார்.

கோர்ட் முழுக்கச் சிரிப்பு. டவாலி சிரிக்கிறார். டைப்பிஸ்ட் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்கிறார். நீதிபதி மேஜையைத் தட்டினார். அவர் உதடும் கொஞ்சம் கோணினதை நான் பார்த்தேன். வக்கீல் என் பலகைப் படத்தை எடுத்து நீட்டினார். ஊரறிந்த விஷயம், சாட்சி அன்றைக்குச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார் என்பதற்கு இதுவே அத்தாட்சி என்றார். என் நாலு வரியைக் கோர்ட்டில் சான்றாவணமாக வாங்கிக்கொண்டார்கள் சார். நம்பர் போட்டார்கள். சீல் குத்தினார்கள். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. கல்யாண வாழ்த்துப்பா எழுதுகிறவன் எல்லாம் கவிஞன் என்று போர்டு மாட்டிக்கொள்கிறான். கோர்ட் சீல் எவனுக்கு இருக்கிறது?

மாசானமா? அவன் அதற்கு மேல் பேசவில்லை. என்ன கேட்டாலும் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். ‘கட்டு மாறியதை நிச்சயமாகப் பார்த்தீரா’ என்று நீதிபதியே இரண்டு தடவை கேட்டார். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இறங்கிப் போய்விட்டான். என்ன ஆம்பிளை சார்? சாட்சி நம்பத்தக்கதாக இல்லை, மனு தள்ளுபடி.

தீர்ப்பு நகலை ஜெராக்ஸ் எடுக்க ஆவுடை என் கடைக்குத்தான் வந்தாள். அதுதான் கடைசி. நானே நின்று, கோணாமல், பக்கம் பக்கமாக எடுத்துக் கொடுத்தேன். என் பாட்டு வந்திருக்கிற பக்கத்தை மட்டும் எனக்கும் ஒன்று எடுத்துக்கொண்டேன். அதைப் பார்த்தாள்.

“ஒங்க பாட்டு ஒண்ணுதான் அண்ணாச்சி அந்தக் கோர்ட்ல ஜெயிச்சுது” என்றாள்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவ்வளவு தோற்றுப்போயும் ஒரு நல்ல வார்த்தை சொல்ல அவளுக்கு மனசு இருந்தது பாருங்கள். காசு வேண்டாம் தாயி என்றேன். எண்ணி மேஜையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். அன்றையிலிருந்துதான் மேலக்கரை ஜெராக்ஸ். நடுவில் யாரோ என்னைப் பற்றி என்னவோ சொல்லிக் கெடுத்திருக்கிறார்கள்.

பரமகுரு அப்படி இல்லை. அவரை அவ்வளவு கிழித்திருக்கிறேன், ஒரு நாள் முகம் சுளித்ததில்லை. கூட்டங்களில் அவரே என் முதல் பாட்டைச் சொல்லிக் காட்டுவார். ‘சான்றிதழ் போச்சு ஆட்டோவில் ஏறி’ என்று அவர் சொல்லும்போது ஜனங்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். குடியரசு தினத்தன்று மேடையில் எனக்குப் பொன்னாடை போட்டார். “என்னையே திட்டுதாரு, ஆனா ரசிக்கும்படியா திட்டுதாரு” என்றார். இதைவிடப் பெருந்தன்மை வேறு என்ன வேண்டும்? என் கடை வாசலில் ஒரு தண்ணீர்க் குழாய் வைத்துக் கொடுத்திருக்கிறார். நான் கேட்கவில்லை. சத்தியமாகக் கேட்கவில்லை. கிழக்குத் தெருப் பெண்கள் இப்போது அங்கேதான் வந்து குடத்தை வரிசையாக வைக்கிறார்கள். கடை முன்னால் ஒரே சேறு. ஒருத்தியாவது நிமிர்ந்து பலகையைப் படிக்கிறாளா என்று பார்த்திருக்கிறேன். இல்லை. ஆவுடை அந்தக் குழாய்க்கே வருவதில்லை. இன்னமும் பம்ப்செட்டுக்குத்தான் போகிறாள். வீம்பு.

மடியில் என்ன என்று பார்க்கிறீர்கள். புத்தகத்தின் புரூப் சார். நாற்பது பாட்டு. பரமகுரு தன் செலவில் போடுகிறார், முன்னுரையும் அவரே. அச்சகத்தில் திருத்திக் கொடுக்கத்தான் இப்போது டவுனுக்குப் போகிறேன். யோசித்துப் பாருங்கள், ஜெயித்தது சரியா தப்பா என்று ஊர் பேசிய விஷயத்தை அவரே காசு போட்டு அச்சடிக்கிறார். என் பேனா அவரை அந்த அளவுக்குப் பணிய வைத்திருக்கிறது. அந்தப் பெண்ணுக்கு இதெல்லாம் புரியவில்லை. புரிந்திருந்தால்...

மேலக்கரை வந்துவிட்டது. கொஞ்சம் காலை மடக்குங்கள், ஆள் ஏறுகிறது. சார். சார், மெதுவாகத் திரும்புங்கள். அந்தப் பச்சைச் சேலை. கையில் ஜெராக்ஸ் கட்டு. நான் சொல்லவில்லை? ஆவுடை அவள்தான். பின்னால் பையோடு ஏறுகிறவன்... அட, மாசானம். இளைத்துவிட்டான். திருப்பூரிலிருந்து எப்போது வந்தான்? நம் பக்கம் பார்க்கவில்லை. முன்னால் நின்றுகொள்கிறார்கள். சத்தம் போடாமல் கேளுங்கள், கண்டக்டரிடம் பேசுகிறாள்.

“டவுன் ரெண்டு. கோர்ட் ஸ்டாப்பு.”

“மறுபடியுமாக்கா?”

“அப்பீலு. புது வக்கீலு கேஸைப் படிச்சிட்டு, தம்பியை நேர்ல கூட்டிட்டு வாங்க, இவர் திடமா சொல்லுதார்னா மேல்கோர்ட்ல பேசிப் பாக்கலாம்னுட்டாரு. மனுப் போட இன்னைக்குத்தான் கடைசி நாளு, அதான் ராத்திரி பஸ்ஸைப் பிடிச்சு வந்துட்டான்.”

கேட்டீர்களா சார்? விடவில்லை அவள். சிரித்துக்கொண்டே சொல்கிறாள். அவள் சிரித்து நான் பார்த்து எவ்வளவு நாள் ஆகிறது.

கண்டக்டர் அவனை உற்றுப் பார்க்கிறான். “யாரு, நம்ம எட்டு பீஸ் அண்ணனா!” என்கிறான். பையன் பாசமாகத்தான் கேட்கிறான், தப்பாக இல்லை. பின் சீட்டில் ஆரம்பித்துவிட்டார்கள் பாருங்கள். வாக்கை எண்ண ஏஜெண்டு போனார்... மெட்டோடு பாடுகிறார்கள் சார்! கைதட்டல் வேறு. காலேஜ் பிள்ளைகள். அவர்களுக்கு நான் யார் என்றே தெரியாது. முழுப் பாட்டும் தெரியும். ஒரு சொல் தப்பவில்லை. நான் வாயைத் திறக்கவில்லை. நீங்கள்தான் சாட்சி.

மாசானம் என்னவோ சொல்கிறான்.

“நிப்பாட்டுங்க.”

“ஏண்ணே, இப்பத்தானே ஏறுனீங்க.”

“நிப்பாட்டுங்கண்ணே.”

ஆவுடை அவன் கையைப் பிடிக்கிறாள். “மாசானம், நில்லுலே. ஏல, அவங்க கிடக்காங்க. வக்கீல்கிட்ட ஒரு வார்த்தைதாம்லே சொல்லணும், ஒரே ஒரு வார்த்தை. மாசானம்!”

இறங்கிவிட்டான். பையை எடுக்கவில்லை. அவன் பையையும் அவளே தூக்கிக்கொண்டு... பார்த்தீர்களா, என்னைப் பார்த்தாள். படியில் நின்று, நேராக என்னைப் பார்த்தாள் சார். தீர்ப்பு வந்த நாளுக்குப் பிறகு இதுதான் முதல் தடவை. ஒரு வணக்கம் வைத்தால் என்ன? அவளும் இறங்கிவிட்டாள். அதோ, ரோட்டில் அவன் பின்னால் ஓடுகிறாள். டிக்கெட் காசு போச்சு. அடுத்த பஸ்ஸைப் பிடித்துப் போய்ச் சேருவதற்குள் வக்கீல் இருப்பாரோ என்னவோ.

சார், பேனா வைத்திருக்கிறீர்களா? சீக்கிரம். ‘ஏறிய பஸ்ஸில் இறங்கிய சாட்சி.’ முதல் வரி வந்துவிட்டது. இந்தப் புத்தகத்திலேயே கடைசிப் பக்கத்தில் சேர்த்துவிடலாம். எப்படி இருக்கிறது சொல்லுங்கள். ஏறிய பஸ்ஸில் இறங்கிய சாட்சி...

என்ன சார், எழுந்துவிட்டீர்கள்? டவுன் இன்னும் வரவில்லையே. இது வெறும் காடு சார், இங்கே இறங்கி என்ன செய்யப் போகிறீர்கள்? சரி, பேனாவையாவது கொடுத்துவிட்டுப் போங்கள்.